மூட்டை எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்பு வலி பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் எழுதியவர்களின் தொழில் வெவ்வேறாக இருந்தாலும் கேள்வி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இடுப்பு வலிக்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயர்கள் அவர்கள் விருப்பப்படியே தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. அரிசிக் கிடங்குகளில் 18 ஆண்டுகளாக மூட்டை தூக்குகிறேன். பத்து நாட்களுக்கு முன் விடியற்காலையில் லாரியின் மேல் நின்று 50 கிலோ மூட்டைகளை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கடைசி அடுக்கில் ஒரு மூட்டையைப் புரட்டித் தூக்கிய நொடியில் குறுக்கு பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது, மூன்று மாதம் படுத்தே இருக்க வேண்டும், இனி மூட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வலி இடுப்போடும் பிட்டத்தோடும் நிற்கிறது, காலுக்கு இறங்கவில்லை. இறக்குக்கூலியை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. நான் இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதானா?
— சுமைதூக்கும் தொழிலாளி, கடலூர் முதுநகர்

பதில்: விட வேண்டியதில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நாளைக்கே போய் பழையபடி கடைசி அடுக்கைத் தூக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை.

முதலில் அந்த ஸ்கேன் தாளைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது வலியைவிட அந்தத் தாள்தான். முதுகு வலி இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் ஒரு தொகுப்பு வெளியானது. அதன்படி, 40 வயதில் எந்த வலியும் இல்லாமல் நடமாடுகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தேய்மானம் இருக்கிறது. 41 வயதில் உங்கள் ஸ்கேனில் இவை இரண்டும் இல்லாதிருந்தால்தான் வியப்பு. தலை நரைப்பதைப் போன்ற ஒரு மாற்றத்தை நோயின் பெயராக எழுதிக் கொடுத்துவிடுவதால், நல்ல உழைப்பாளி ஒருவர் தம் முதுகைக் கண்ணாடிப் பாத்திரமாக எண்ணத் தொடங்கிவிடுகிறார். கால் வலியோ மரத்துப்போதலோ இல்லாத, பத்து நாள் ஆன பிடிப்புக்கு ஸ்கேன் தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து.

அடுத்தது படுக்கை. மூன்று மாதம் படுத்தால் முதுகை நிறுத்திப் பிடிக்கும் தசைகள் தளர்ந்து, நீங்கள் எழுந்திருக்கும்போது ஒரு குடம் தண்ணீர்கூடப் பாரமாகத் தெரியும். வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாட்கள் படுக்கலாம். அதன் பிறகு நடப்பதுதான் மருந்து. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் எனத் தொடங்கி நாள்தோறும் கூட்டிக்கொண்டே போங்கள். நடக்கும்போது வலி சற்றுக் கூடினால் எலும்பு நொறுங்குகிறது என்று பொருளில்லை. இத்தகைய பிடிப்புகளில் பெரும்பாலானவை ஆறு வாரத்துக்குள் வெகுவாகத் தணிந்துவிடுகின்றன.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு சொற்களுக்கு வருகிறேன்: ‘விடியற்காலை’, ‘கடைசி அடுக்கு’. என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்க் கிடங்குகளில் லாரி இறக்குவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். மேலே இருவர், கீழே வரிசையாகச் சுமப்பவர்கள். லாரி நிறைந்திருக்கும்போது மேலே இருப்பவர்கள் மூட்டையைக் கொக்கியால் இழுத்துச் சரித்தால் போதும், அது கீழே நிற்பவரின் முதுகில் தானாக வந்து அமர்ந்துவிடும். அடுக்கு குறையக் குறைய மேலே இருப்பவர் குனியத் தொடங்குகிறார். கடைசி அடுக்கு வரும்போது, லாரித் தளத்தில் கிடக்கும் மூட்டையை அவர் காலடி மட்டத்திலிருந்து, கைகளை நீட்டி, உடலைப் பக்கவாட்டில் திருப்பித் தூக்கிக் கொடுக்கிறார். எடை அதே 50 கிலோதான். முதுகெலும்பு உணரும் சுமை ஒன்றல்ல.

சந்தையில் வெள்ளிக்கோல் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோலின் நுனியில் தொங்கும் சிறு எடை, பிடிக்கு அருகில் தொங்கும் பெரிய எடையைச் சமன் செய்துவிடும். முதுகின் கீழ்ப்பகுதியில் பிடி என்பது முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு, அதாவது உங்கள் ஸ்கேன் தாளில் டிஸ்க் என்று இருப்பது, மக்கள் ஜவ்வு என்று சொல்வது. அதன் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில் முதுகுத் தசை இழுக்கிறது. முன்னால் 50 செ.மீ. தொலைவில் உங்கள் கையில் மூட்டை இருக்கிறது. அந்த மூட்டையைத் தாங்கத் தசை அதன் எடையைப் போலப் பத்து மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும். குனிந்திருக்கும் உங்கள் மேலுடம்பின் எடை வேறு அதனுடன் சேர்கிறது. அத்தனை விசையும் வட்டின் மேல்தான் அமர்கிறது. 1999-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் வட்டுக்குள்ளேயே அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் இருந்த அழுத்தம், 20 கிலோவை உடம்போடு அணைத்து நின்றபோது 1.1 ஆயிற்று, அதே 20 கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3 ஆயிற்று.

விடியற்காலையைப் பற்றியும் ஒரு சொல். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்தவுடன் அவை இறுக்கமாக இருப்பதால் குனியும்போது அவற்றின் மேல் விழும் அழுத்தமும் அதிகம். லாரி நான்கு மணிக்கு வந்தால் மூன்றேமுக்காலுக்கு எழுந்து ஓடாதீர்கள். அரை மணி முன்னால் எழுந்து நடந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேலைக்குத் திரும்புவது எப்படி? இன்னும் ஓரிரு வாரத்தில் நடையும் உட்காருவதும் எளிதான பிறகு, மூட்டை எண்ணுவது, வாய் தைப்பது, வண்டி தள்ளுவது போன்றவற்றில் தொடங்குங்கள். அதன் பின் கீழே நின்று முதுகில் வாங்கும் வேலை. அதுவும் முதல் வாரம் பாதி நேரம். லாரியின் மேல் ஏறுவது கடைசியாக. உங்கள் கூட்டத்தில் கூலியைச் சமமாகப் பங்கிடும் வழக்கம் இருந்தால், இதை மேஸ்திரியிடம் பேசித் தீர்ப்பது கடினமல்ல. அவர் முதுகுக்கும் ஒரு நாள் இந்த முறை வரும். கடைசி இரண்டு அடுக்கை மட்டும் இருவர் சேர்ந்து தூக்குவது என்று உங்கள் கூட்டமே முடிவு செய்துகொண்டால், ஒரு லாரிக்குச் சில நிமிடங்கள்தான் கூடுதலாகும்.

இன்னொன்று: 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் நீங்கள் இதுவரை பதிவு செய்யவில்லை என்றால், வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் அதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். வயது 26. ஒரு நாளைக்கு நூறு கேனுக்குக் குறையாமல் மாடி ஏற்றுவேன், ஒன்றும் ஆனதில்லை. போன வாரம் எல்லாம் போட்டு முடித்து வண்டியில் ஏறும்போது கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தேன்; நிமிர முடியவில்லை. சாவி தூக்கியா இடுப்பு போகும் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.
— முத்தியால்பேட்டை

பதில்: சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், என்னிடம் வருகிறவர்களில் துண்டு எடுக்கக் குனிந்தவர்கள், செருப்பு மாட்டக் குனிந்தவர்கள், தும்மியவர்கள் என்று பலர் உண்டு. நான் மாட்டிக்கொண்டது ஒரு பேனாவுக்காக.

20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோவுக்குச் சற்றே கூடுதல். நூறு கேன் என்றால் நாளொன்றுக்கு இரண்டு டன்னுக்கு மேல் உங்கள் உடம்பின் வழியே மாடி ஏறுகிறது. அவ்வளவு நேரமும் தசைகள் விழிப்போடு இருந்து மூட்டுகளைக் காக்கின்றன. களைத்த பிறகு அந்தக் காவல் தளர்கிறது. போதாக்குறைக்கு, திரும்பத் திரும்பக் குனிவதால் முதுகின் தசைநார்கள் சற்று நீண்டு நெகிழ்ந்துவிடுகின்றன. அவை பழைய நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில், கனமில்லாத பொருள்தானே என்று எந்த ஆயத்தமும் இல்லாமல் குனிகிறீர்கள். கணக்கு ஏறியது நூறு கேனில். சாவி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

எப்போதும் ஒரே தோளில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறுவது எடையைச் சமன் செய்யும் என்றாலும், கைப்பிடிச் சுவரைப் பற்ற வழியில்லாததால் மாடிப்படியில் அதை நான் விரும்புவதில்லை. வண்டியில் கேன்களை முழங்கால் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடாமல் இடுப்பு உயரத்தில் அடுக்கும்படி தட்டு பொருத்தினால் ஒரு நாளில் நூறு குனிவு மிச்சம்.

கேள்வி: மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சிறிய தொழிற்கூடம் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மூலப்பொருள் 25 கிலோ, 50 கிலோ பைகளில் வருகிறது. இரண்டு பேர் மாற்றி மாற்றி இடுப்பு வலி என்று விடுப்பு எடுப்பதால், எல்லோருக்கும் இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள் என்று சுவரில் படமும் ஒட்டினேன். பயனில்லை. சோம்பல்தானோ என்று ஐயமாக இருக்கிறது.
— சிறுதொழில் முனைவோர், புதுச்சேரி

பதில்: செலவு செய்திருக்கிறீர்கள், அக்கறை இருக்கிறது, ஆனால் செலவு செய்த இடம் தவறு. பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இடையே வலி வருவதில் வேறுபாடு இல்லை என்பது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பட்டைகளை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. தூக்கும் முறையைப் பற்றிய பாடமும் அது மட்டும் தனியாக இருந்தால் வலியைத் தடுப்பதில்லை. தரையில் கிடக்கும் அகலமான பையை முழங்காலை மடக்கித் தூக்க முயன்று பாருங்கள். பை முழங்காலுக்கு நடுவே நுழையாது, முழங்காலுக்கு முன்னால்தான் நிற்கும், கை நீளும். உங்கள் ஆட்கள் படத்தைப் பின்பற்றாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. அந்தப் பைக்கு அந்தப் படம் பொருந்தவில்லை.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த சுமைக் கணக்கு ஒன்று உண்டு. எல்லாம் சாதகமாக இருக்கும்போது, அதாவது பொருள் இடுப்பு உயரத்தில், உடம்புக்கு 25 செ.மீ. அருகில், திரும்பாமல், எப்போதோ ஒரு முறை தூக்கும்போது, 23 கிலோ வரை பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்று அது தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு பாதகத்துக்கும் கழித்துக்கொண்டே போகிறது. உங்கள் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். பை தரையில் கிடப்பதால் கை தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில்தான் பிடிக்கிறது, அதற்காக 23 கிலோ 19-க்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. பை அகலமாக இருப்பதால் கை உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, அது பாதியாகி 9 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கிறது. தூக்கியபடி 45 பாகை திரும்பி இயந்திரத்தில் கொட்டினால் 8 கிலோ. எவ்வளவு உயரம் தூக்குகிறார், நிமிடத்துக்கு எத்தனை முறை என்பவற்றை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 8 கிலோ எனக் கணக்குச் சொல்லும் இடத்தில் அவர்கள் 50 கிலோவைத் தூக்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்க யாரையும் அமர்த்தக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவே சொன்னது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் தந்த பரிந்துரையில் வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் உச்ச எடை 55 கிலோ. 50 கிலோ பை அதற்குள் அடங்கிவிடுகிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 55 என்பது இதற்கு மேல் கூடவே கூடாது என்ற வேலி; நாள் முழுதும் தூக்கினாலும் முதுகு தாங்கும் என்ற உறுதி அல்ல.

நீங்கள் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. பைகளைத் தரையில் இறக்காமல், முழங்காலுக்கு மேல் வரும்படி மரப்பலகை மேடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அதன் மேல் இறக்குங்கள். கொட்டும் இடத்துக்கும் அந்த மேடைக்கும் இடையே இரண்டு எட்டு இடைவெளி விடுங்கள். மிக அருகில் இருந்தால் காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்புவார்கள். ஒரு கைவண்டி வாங்குங்கள். 50 கிலோ பையில் தரும் வியாபாரியிடம் 25 கிலோவில் கேளுங்கள்; யூரியா மூட்டையே 2018-இல் 50 கிலோவிலிருந்து 45-க்கு இறங்கியது. (அது உரத்தைச் சிக்கனமாக்கச் செய்தது, சுமப்பவரை எண்ணிச் செய்ததல்ல. ஆனாலும் பை அளவு கல்லில் எழுதியதல்ல என்பதற்குச் சான்று.) பன்னிரண்டு பேர் இருப்பதால் இ.எஸ்.ஐ. உங்களுக்குப் பொருந்தும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள், சந்தா நாள் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், நோய் விடுப்பில் ஊதியத்தின் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். வேலையில் நேர்ந்த காயம் என்றால் 90 விழுக்காடு. அதைப் பதிவு செய்து கொடுக்காமல் சோம்பல் என்று சொல்வது முறையல்ல.

கேள்வி: மருந்துக் கடையில் ஊசி போட்டுக்கொண்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. வாரம் ஒரு முறை போடுவதில் தவறு உண்டா? சுளுக்கு வழிப்பது நல்லதா?
— மீன்பிடித் துறைமுகத் தொழிலாளி, தேங்காய்த்திட்டு

பதில்: ஊசியில் என்ன மருந்து என்று கேட்டுப் பார்த்தீர்களா? வலி நிவாரணி என்றால், வெயிலில் வியர்த்து, சரியாகத் தண்ணீர் குடிக்காமல் பனிக்கட்டிப் பெட்டி தூக்குகிறவருக்கு அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஸ்டீராய்டு என்றால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். மருத்துவர் சொல்லிச் சில நாட்கள் மாத்திரை எடுப்பது வேறு, வாரச் சந்தை போல ஊசிக்குப் போவது வேறு. எண்ணெய் தேய்த்து இதமாக வழிப்பதில் தடையில்லை. ஏறி மிதிப்பதும், சொடுக்கெடுக்கிறேன் என்று கழுத்தையும் இடுப்பையும் வெடுக்கென்று முறுக்குவதும் வேண்டாம்.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். நாங்கள் மூட்டை தூக்குவதில்லை. ஆனால் படுத்த நோயாளிகளைப் புரட்டுவதும் மேலே இழுப்பதும் நாள் முழுக்க எங்கள் வேலை. பெண்கள்தான் பெரும்பாலும். எங்கள் வலியைச் சுமைதூக்கும் வலி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
— புதுச்சேரி

பதில்: மூட்டைக்காவது கொக்கி மாட்டலாம், அது நடுவில் கையை உதறாது, வழுக்காது, வலிக்கிறது என்று அலறாது. நோயாளிக்கென்று தனியாகக் கணக்கிட்டவர்கள் 23 கிலோவையும் குறைத்து, சுமார் 16 கிலோவுக்கு மேல் ஒருவர் கையால் தூக்கக் கூடாது என்றார்கள். ஒரு பெரியவரின் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினாலே அந்த அளவை எட்டிவிடும். ஆகவே தூக்காதீர்கள், நகர்த்துங்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தால் தடையைப் போடுங்கள். நோயாளியின் அடியில் தோள் முதல் தொடை வரை ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, இருபுறமும் இருவர் நின்று, விரிப்பைச் சுருட்டி உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூன்று எண்ணிச் சேர்ந்து இழுங்கள். நோயாளிக்கு நினைவு இருந்தால், முழங்காலை மடக்கிக் குதிகாலை ஊன்றி உந்தச் சொல்லுங்கள். பாதி வேலையை அவரே செய்துவிடுவார். இரண்டாம் ஆள் வரும்வரை காத்திருப்பது நோயாளியைப் புறக்கணிப்பதல்ல.

கேள்வி: என் தந்தை பண்ருட்டியில் பலாப்பழ மண்டியில் பாரம் ஏற்றுகிறவர். நான்கு நாட்களாக இடுப்பு வலி இரண்டு கால்களுக்கும் இறங்குகிறது. நேற்றிலிருந்து உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போனது போல இருக்கிறது என்கிறார். சிறுநீர் சரியாகப் போகவில்லை. எந்த உடற்பயிற்சி செய்யலாம்?
— கல்லூரி மாணவி

பதில்: இந்தக் கடிதத்தைப் பிரித்த அன்றே, அதில் இருந்த எண்ணுக்கு அழைத்துப் பேசிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறேன். இருக்கையில் படும் பகுதி மரத்துப்போவதும், சிறுநீர் தடைபடுவதும் அல்லது தெரியாமலே கசிவதும், இரண்டு கால்களும் வலுவிழப்பதும், பிதுங்கிய வட்டு முதுகுத் தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றையை நசுக்குவதன் அடையாளங்கள். இது மிக அரிதானது. ஆனால் சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர இழப்பாக முடியலாம். பயிற்சியோ எண்ணெயோ ஊசியோ எதுவும் வேண்டாம். அவசர ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் கிடைக்கும் பெரிய மருத்துவமனைக்கு, ஜிப்மர் போன்ற இடத்துக்கு, அன்றே போக வேண்டும். வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்த முதுகு வலி இவ்வளவு அவசரமில்லை என்றாலும், முதுகெலும்புக் காசநோயாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் பாரம் தூக்கிய வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மருத்துவமனையில் புறநோயாளி வரிசையில் நிற்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள். அங்கே ‘முதுகு வலி’ என்று பேச்சைத் தொடங்கினால் உங்களையும் வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். ‘சிறுநீர் வரவில்லை, உட்காரும் இடம் மரத்துவிட்டது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.